பெரியப்பா பாவசங்கீர்த்தனம் செய்த சத்தம்

போன சனிக்கிழமை எங்கள் ஊர் மாதா கோயிலில் நடந்ததைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்!

உத்திரமேரூரிலிருந்து டவுன் பஸ் பிடித்து, இறங்கி, வரப்பில் நடந்தால் வரும் சின்னக் கோயில். மறுநாள் அங்கே சின்னப்பன் பெரியப்பா மகளுக்குக் கல்யாணம். பூசையில் மகளோடு தானும் நன்மை, அதாவது சாமியார் நாவில் வைக்கும் அப்பம், வாங்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு முன் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டுமே... அங்கேதான் சிக்கல்.

பெரியப்பாவுக்குக் காது மந்தம். ரகசியம் பேசுவதாக நினைத்துக் கத்துவார். எங்கள் கோயிலில் தடுப்பு, மறைவு எல்லாம் ஏது? சாமியாருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, முழங்கால் போட ஒரு பாய். நாலடி தள்ளி வரிசை. சில வருஷம் முன்பு, கறியே தொடக்கூடாத பெரிய வெள்ளியன்று காஞ்சிபுரத்தில் பிரியாணி சாப்பிட்டதைச் சாமியார் காதில் 'மெல்ல' சொன்னார். வரிசையில் நின்ற ஆரோக்கியம் அத்தை, சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க ஒலிபரப்பிவிட்டார். கேபிள் டிவியெல்லாம் அத்தையிடம் பிச்சை வாங்க வேண்டும்!

அன்றிலிருந்து அவர் பெயர் 'பிரியாணி'. அவமானத்தில் பாவசங்கீர்த்தனத்தை விட்டார், நன்மையும் போயிற்று.

நான் சும்மா இருப்பேனா? "பைக்ல செங்கல்பட்டு கூட்டினு போறேன் பெரியப்பா. அங்க உங்கள யாருக்கும் தெரியாது" என்று அவர் காதில் கத்தினேன்.

"இன்னா நைனா... கண்ணாலம் இங்க, பாவத்த மட்டும் வேற ஊர்ல கொட்டினு வரணுமா?"

போய் முழந்தாளிட்டார். "சாமீ..."

ஏரிக்கரை வரை கேட்டிருக்கும்!

அந்த நொடியில் ஜெபமாலையைத் தூக்கிப் பிடித்து, உச்சக் குரலில் ஜெபம் சொல்ல ஆரம்பித்தார் ஒருவர் — சாட்சாத் ஆரோக்கியம் அத்தை.

"இன்னாத்துக்கு அத்த இந்தக் கத்து கத்துற?" என்றாள் பின்னால் நின்ற பெண்.

"நீயும் கத்துடி!"

அவ்வளவுதான். வரிசை மொத்தமும் சேர்ந்துகொண்டது. கூரை அதிர்ந்தது. பெரியப்பா என்ன சொன்னார் என்கிறீர்களா? சத்தியமாகத் தெரியாது. அவர் வாயருகே காதை வைத்திருந்த சாமியாருக்கு மட்டும் தெரியும். கடைசியில் அவர் கை உயர்ந்து மன்னிப்பு வழங்கியதைப் பார்த்தோம்.

எழுந்து வந்த பெரியப்பா தயங்கினார். "ஆரோக்கியம்... சத்தமா சொல்லிட்டனா?"

"ஒண்ணும் கேக்கலண்ணே." பிறகு தாழ்ந்த குரலில், "என்ன மன்னிச்சிக்கோ" என்றார் அத்தை.

"இன்னாது?"

"அன்னிக்கு ஊரெல்லாம் சொன்னேனே... மன்னிச்சிக்கோன்னேன்!"

இப்போது கோயிலே கேட்டது. பெரியப்பா முகம் மலர்ந்தது.

"செரி செரி, மன்னிச்சிட்டேன். அதுக்கு ஏம்மா இப்டி கத்துற? ஊருக்கே கேக்குது!"

மறுநாள் பூசையில், மகளுக்கு அடுத்தபடியாக நாக்கை நீட்டி நன்மை வாங்கினார்.

ஒருத்தர் ரகசியத்தைக் காப்பாற்றத் தொண்டை கிழியக் கத்துகிற ஊர்... உங்களில் யாருக்காவது இருக்கிறதா? எனக்கு இருக்கிறது!