சந்தா யார் பெயரில்?

பட்டாசுப் பெட்டிமேல் ஒட்டுகிற லேபிளுக்குக் கம்ப்யூட்டரில் படம் போடுவது என் தொழில். மயில், கிளி, றெக்கை வைத்த குதிரை, எது கேட்டாலும் போடுவேன். யாரிடமும் போய்ப் படித்ததில்லை. போட்டு அழித்து, போட்டு அழித்துப் பழகியது. சிவகாசியில் நாலு பிரஸ்ஸுக்கு வேலை செய்கிறேன். சம்பளம் கிடையாது, லேபிளுக்கு இவ்வளவு என்று பேச்சு. ஆனால் கலர் சரியாக வந்திருக்கிறதா என்று ஒரு ப்ரூஃப் எடுத்துப் பார்க்க, விஸ்வநத்தம் போகிற வழியில் உள்ள அண்ணாச்சி பிரஸ்ஸுக்குத்தான் ஓட வேண்டும்.

சொந்தமாக ஒரு ப்ரூஃப் பிரிண்டர் வாங்கிவிடலாம் என்று பேங்கில் லோன் கேட்டேன். "தொழில் உங்களதுதான்னு காட்டணும். வருமான வரிக் கணக்கு தாக்கல் பண்ணிட்டு வாங்க" என்றார்கள். அதுவரை அந்தப் பக்கமே போகாத நான், விருதுநகரில் ஒரு ஆடிட்டர் அம்மா முன்னால் போய் உட்கார்ந்தது அப்படித்தான்.

என் செலவிலேயே பெரிய செலவு, படம் போடுகிற சாஃப்ட்வேருக்குக் கட்டும் மாதச் சந்தா. ஒரு காலத்தில் ஊர் முழுக்க ஒரே சிடி கைமாறிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அதிகம் பேசாமல் இருப்பது நல்லது. இப்போது மாதாமாதம் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் சாஃப்ட்வேர் திறக்காது. என் வீட்டுக்காரிக்கு இது இன்னும் பிடிபடவில்லை.

"எப்பங்க கட்டி முடியும்?"

"முடியாது. கட்டிக்கிட்டே இருக்கணும்."

"அப்ப அது வட்டியால்ல இருக்கு. சந்தான்னா வீட்டுக்கு ஒரு புஸ்தகமாச்சும் வரணும்."

அவளைக் கேலி செய்துவிட்டு வந்தவன்தான், ஆடிட்டர் அம்மா முன்னால் நானும் அதே மாதிரி விழித்தேன். கம்ப்யூட்டர் வாங்கிய காசை வருமானத்திலிருந்து ஒரே வருடத்தில் கழிக்க முடியாதாம். அது தேயும், தேய்மானத்தைத்தான் வருடா வருடம் கழிக்க வேண்டுமாம்.

"அப்ப சந்தா எம்புட்டும்மா தேயும்?"

"அது தேயாது. கட்டுன வருசமே முழுசாக் கழிச்சுக்கலாம்."

வீட்டில் கல்லுமாதிரி உட்கார்ந்திருக்கிற கம்ப்யூட்டர் தேய்கிறது. கண்ணுக்கே தெரியாத சாஃப்ட்வேர் தேயவில்லை. சரி, படித்தவர்கள் சொல்கிறார்கள் என்று தலையாட்டினேன். முழுசாகக் கழிக்கலாம் என்றதில் மனசு குளிர்ந்து, செல்போனில் இருந்த பில்லை நீட்டினேன்.

அவர் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "இதுல ஒங்க பேரே இல்லையே. பிரஸ் பேரு, பிரஸ் ஜிஎஸ்டி நம்பர்லாம் இருக்கு."

விஷயம் இதுதான். ஐந்து வருடத்துக்கு முன்னால் சந்தா கட்ட என்னிடம் கிரெடிட் கார்டு கிடையாது. பிரஸ் முதலாளி அண்ணாச்சி, "எங்க கார்டுல போட்டுக்க தம்பி" என்று எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் ஒண்ணாந்தேதி அவர் கையில் சந்தாக் காசைக் கொடுத்துவிடுவேன். எண்ணாமல் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

"ரசீது?"

"அண்ணாச்சிகிட்ட எப்படிம்மா ரசீது கேக்க?"

"கேக்காட்டி இது அவுக செலவு. அவுக ஏற்கெனவே கழிச்சிருப்பாக. ஒரே பில்ல ரெண்டு பேரு கழிக்க முடியுமா?" பில்லை இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார், "ப்ரூஃப் அவுக மிஷின்ல, சாஃப்ட்வேர் அவுக பேர்ல. பேங்க்ல இதப் பாத்தா, நீங்க அந்தப் பிரஸ் ஆளுன்னுதான் நெனைப்பாக. நீங்க தனித் தொழில், அவுக வேலையாள் இல்லன்னு அவுக லெட்டர்ல எழுதி வாங்கியாங்க."

அன்றைக்கே நாலு மணிக்கு அண்ணாச்சி பிரஸ்ஸில் போய் நின்றேன். டீ வந்திருந்தது. பைண்டிங்கில் வேலை பார்க்கும் அக்காமார் வடையைப் பிட்டுக்கொண்டிருந்தார்கள். சந்தாவுக்கு நான் மாதாமாதம் காசு கொடுத்ததற்கு ஒரு ரசீது வேண்டும் என்று மெல்ல ஆரம்பித்தேன்.

அண்ணாச்சி டம்ளரைக் கீழே வைத்தார். "எந்தக் காசு?"

"ஒண்ணாந்தேதி குடுப்பேன்லா, அண்ணாச்சி."

"அது வடைக்கில்லா?"

முதல் மாதம் நான் கொடுக்கும்போது, "இந்த மாசத்துக்கு, அண்ணாச்சி" என்று மட்டும்தான் சொன்னேன். சந்தாக் காசு என்று பெயர் சொல்லிக் கொடுத்தால் அவர் செய்த உதவிக்குக் கணக்கு முடிக்கிற மாதிரி இருக்கும் என்று எனக்கு ஒரு கூச்சம். அவரோ, பையன் தினமும் இங்கே டீ குடிக்கிறான், ரோஷக்காரன், அதற்குக் கொடுக்கிறான் என்று நினைத்திருக்கிறார். எதற்கென்று கேட்க அவருக்கும் கூச்சம். என் காசு அத்தனையும் நாலு மணி வடைக்குப் போயிருக்கிறது.

"அப்ப அஞ்சு வருசமா நாங்க தின்னது ஒன் கம்ப்யூட்டரையா?" என்றார் ஒரு அக்கா. "அதான் சில நாளு வேகாம இருக்கும்" என்றார் இன்னொருவர்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. "சந்தா கட்டுறத நான் ஒனக்குச் செஞ்ச ஒதவின்னுல்லா நெனச்சேன். ஏலே, நம்ம பையன், எவன் பிரஸ்ஸுக்கு வேணா போடட்டும்னு விட்டேன். என்னைக்காச்சும் ஒரு வார்த்த கேட்டிருப்பனா?"

கேட்டதில்லை. அவர் கேட்காமல் விட்டது பெருந்தன்மை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என் உரிமை என்று நான் நினைத்திருந்தேன். இதில் யார் யாருக்குக் கடன்பட்டவர் என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவாகவில்லை.

அதோடு லெட்டர் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்ததால் இரண்டு தடவை சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டாவது தடவை சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

"எங்க ஆளு இல்லன்னு நான் எழுதித் தரணும். அதான?"

"லோனுக்குத்தான், அண்ணாச்சி."

காயப்போட்டிருந்த கம்பி மத்தாப்பு லேபிள்களைத் திரும்பிப் பார்த்தார். என் லேபிள்கள்தான். பிறகு கணக்கு எழுதுகிற அம்மாவைக் கூப்பிட்டு, டைப் அடிக்கச் சொன்னார். 'இவர் தனியாகத் தொழில் செய்பவர். எங்கள் பணியாளர் அல்லர்.' அதோடு முடிந்தது என்று கையை நீட்டினேன். "இருலே" என்று தாளை வாங்கி, அடியில் பேனாவால் ஒரு வரி எழுதினார். 'எங்கள் லேபிள் எல்லாம் இவர் போட்டதே.' கையெழுத்துப் போட்டு, சீல் அடித்து, சந்தாவிலிருந்து தன் கார்டை எடுத்துவிடும்படி அந்த அம்மாவிடமே சொன்னார்.

ஆடிட்டர் அம்மா லெட்டரைப் படித்துவிட்டு, "இந்தக் கடைசி வரி தேவையில்லையே" என்றார். இருக்கட்டும்மா என்றேன்.

முடிந்துபோன வருடத்துச் சந்தாவில் ஒரு ரூபாய்கூடக் கழிக்க முடியவில்லை. செலவு குறைந்ததால் லாபம் கூடிவிட்டது, அதற்கு வரி வேறு கட்டினேன். ஆனால் பேங்க்காரர் அந்த லாபத்தைப் பார்த்துத்தான் முகம் மலர்ந்தார், லோன் கிடைத்துவிட்டது. செலவைக் காட்ட முடியாமல் போனது எனக்கு நஷ்டமா லாபமா என்று வீட்டுக்காரி கேட்டாள். ரெண்டும்தான் என்றேன். "ஒங்களுக்கே தெரியல" என்றாள்.

இப்போது சந்தா பில் என் பெயரிலேயே, என் வீட்டு விலாசத்தோடு வருகிறது. பிரிண்டரும் வந்துவிட்டது. ப்ரூஃபுக்காக அண்ணாச்சி பிரஸ்ஸுக்குப் போக வேண்டிய தேவை இல்லை.

அடுத்த ஒண்ணாந்தேதி நாலு மணிக்கு அங்கேதான் நின்றேன். "இந்த மாசத்துக்கு, அண்ணாச்சி." எண்ணாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "டீயக் குடி" என்றார். எதற்கென்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இதையும் கழிக்கலாமா என்று ஆடிட்டர் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"என்ன செலவு?"

"வடை."

"யாருக்கு? ஒங்க ஆளுகளுக்கா?"

அதற்குத்தான் இன்னும் பதில் சொல்லாமல் இருக்கிறேன்.