ஜப்பான் சப்பாத்து

தீப்பெட்டி வாங்குவதில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி இருந்தது. முருகன் படம் போட்ட பெட்டியைத் தவிர வேறெதையும் அப்பா தொடமாட்டார். அது ஊரிலிருந்து கப்பலில் வருகிற சரக்கு, சாமி விளக்கை அதில்தான் ஏற்ற வேண்டும் என்பார். விலை கூடுதல் என்றாலும் அவருக்குக் கவலையில்லை. அம்மாவுக்கு எரிந்தால் போதும். எது மலிவோ அதை வாங்கி அடுப்புக்கு வைத்துக்கொள்வாள்.

இரண்டும் வந்தது ஒரே கடையிலிருந்துதான். மலாயாவில் லாபிஸுக்குப் பக்கத்தில், எங்கள் ரப்பர் தோட்டத்துச் செம்மண் சாலை ரயில் பாதையைத் தொடும் இடத்தில் ஒரு சீனர் கடை வைத்திருந்தார். முதலாளி என்ற அர்த்தத்தில் தவுக்கே என்றுதான் எல்லோரும் அழைப்போம். தமிழையும் மலாயையும் கலந்து பேசுவார். அம்மா அவருக்குத் தங்காச்சி.

எனக்கு எட்டு வயதானபோது வலது காலில் ஒரு புண் வந்து ஆறாமல் கிடந்தது. பள்ளிக்கூடத்துக்குத் தண்டவாளத்து ஓரமாக, ஜல்லிக்கல் மேல் ஒரு மைல் நடக்க வேண்டும். "இனிமே வெறுங்கால்ல நடந்தா விரலை எடுக்க வேண்டி வரும்" என்று தோட்டத்து மருந்துக்காரர் அம்மாவைப் பயமுறுத்திவிட்டார்.

தவுக்கே கடை உத்தரத்தில் காலில் போடும் சப்பாத்துகள் ஜோடி ஜோடியாகத் தொங்கின. சிங்கப்பூர்ச் சப்பாத்து எங்களுக்கு எட்டாத விலை. ஜப்பான் சப்பாத்து அதில் மூன்றில் ஒரு பங்குதான். வெள்ளைத் துணி, கறுப்பு ரப்பர் அடி. நாம் வெட்டும் ரப்பர் பால்தான் கடல் தாண்டிப் போய் இப்படித் திரும்பி வருகிறது என்று அப்பா சொன்னபோது நான் நம்பவில்லை. அம்மா ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுத்துத் தனி ஆணியில் மாட்டிவைக்கச் சொல்லியிருந்தாள். சம்பள நாளில் வாங்குவதாகப் பேச்சு.

சம்பள நாளன்று மத்தியானம் மூவரும் போனோம். கடை வாசலில் கூட்டம். நடுவே ஒரு குவியல்: பீங்கான் தட்டு, துவாலை, பொம்மை, சீட்டித் துணி. தவுக்கே வெற்றுடம்போடு உள்ளேயிருந்து இன்னும் அள்ளிக்கொண்டு வந்தார். ஜப்பான் படை சீனாவுக்குள் புகுந்துவிட்டது என்று தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி பேப்பர் படித்துச் சொன்னதை அப்பா கேட்டிருந்தார். அதற்கும் இந்தக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று எங்களுக்குப் புரியவில்லை.

தவுக்கே கையில் என் சப்பாத்தைப் பார்த்ததும் அம்மா ஓடினாள்.

"தவுக்கே, அது என் பிள்ளையோடது!"

"தங்காச்சி, இது ஜப்பூன் பூன்யா. ஜப்பான்காரன் சாமான். இனிமே நான் விக்க மாட்டேன்."

"விக்க வேணாம். எரிக்கப் போறதைச் சும்மா குடுத்தா என்ன? அவ காலைப் பாருங்க."

தவுக்கே குந்தி உட்கார்ந்து என் காலைக் கையில் எடுத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இன்னைக்கு உனக்குக் குடுத்தா நாளைக்கு இன்னொருத்தர் கேப்பாங்க லா. அவங்களுக்கு எப்படி இல்லேன்னு சொல்றது? சிங்கப்பூர் சப்பாத்து இருக்கு. அடக்க விலைக்குத் தாரேன்."

அடக்க விலையும் எங்களிடம் இல்லை. சப்பாத்து குவியலில் விழுந்தது.

அடுத்து அவர் எடுத்து வந்தது அப்பாவின் தீப்பெட்டிக் கட்டு.

"தவுக்கே! அது நம்ம சாமி! ஊர்லேருந்து வர்றது!" என்று அப்பா கத்தினார்.

தவுக்கே ஒரு பெட்டியைத் திருப்பி, மயிலின் காலடியில் இருந்த பொடி எழுத்தைக் காட்டினார். "ஜப்பூன்."

அப்பா அந்த எழுத்தையும் முருகனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெட்டி பெட்டியாக வாங்கி, எச்சில் தொட்டுப் படத்தை மட்டும் உரித்து எடுத்துக்கொண்டு பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். கடைசிப் படம் வரும்வரை தவுக்கே பொறுமையாக நின்றார். "படத்தை எடுத்தீங்களே, நாலு குச்சியை எடுத்தீங்களா?" என்று அம்மா முணுமுணுத்தாள்.

தவுக்கே மண்ணெண்ணெய் ஊற்றினார், பற்றவைத்தார். தீப்பெட்டிகள் ஒரே மூச்சில் சீறிக்கொண்டு எழுந்தபோது கூட்டம் பின்வாங்கியது. ரப்பர் உருகிக் கரும்புகை தகரக் கூரைக்கு மேலே போனது. வாசலில் நின்ற அவர் மனைவி இடுப்புக் குழந்தையின் முகத்தைப் புகை படாமல் மறைத்துக்கொண்டாள். தரையில் சிந்திய ஒரு மிளகாயைக்கூடப் பொறுக்கி மூட்டையில் போடுகிற மனிதர் தவுக்கே. அவரே, தன் கடைச் சரக்கைத் தன் கையால் கொளுத்திவிட்டு நிமிர்ந்து நின்றார். அவர் முகத்தில் நெருப்பின் வெளிச்சம் ஆடியது. என் சப்பாத்தும் அதில் எரிகிறது என்பதே எனக்கு மறந்துபோயிற்று. அவ்வளவு பெரிய மனிதரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

இரண்டு நாள் கழித்து அம்மா என்னை லாபிஸ் ஸ்டேஷன் பக்கம் ஒரு கடைக்குக் கூட்டிப் போனாள். கடைக்காரர் உள்ளறையிலிருந்து ஒரு ஜோடி கொண்டு வந்தார். அதே ஜப்பான் சப்பாத்து. அடியிலிருந்த ஜப்பான் முத்திரையைக் கத்தியால் சுரண்டியிருந்தார். பேரம் பேசாமல் அம்மா ஒரு பொருள் வாங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

அதைப் போட்டுக்கொண்டு திரும்பும் வழியில், தவுக்கே கடைக்கு முந்தைய வளைவில் அம்மா நின்று, "கழட்டு" என்றாள்.

"கல்லு குத்துமேம்மா."

"கழட்டுடி."

சப்பாத்தை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, எட்டு வயதுப் பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். என் கால்கள் அவள் முழங்கால்வரை தொங்கின. கடைக்குள்ளிருந்து தவுக்கே எட்டிப் பார்த்தார்.

"தங்காச்சி, பிள்ளை கால் எப்படி?"

"ஆறிடும், தவுக்கே." அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை.

கடை மறைந்த பிறகு இறக்கிவிட்டுச் சப்பாத்தை மாட்டிவிட்டாள். மறுநாளிலிருந்து நான் தவுக்கே கண்ணில் படாமல் ரப்பர் மரங்களுக்குள்ளே சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று உத்தரவு. எங்களை வேலை வாங்கும் கங்காணியையே எதிர்த்துப் பேசுகிற அம்மா, ஒரு கடைக்காரருக்கு ஏன் இப்படிப் பயப்படுகிறாள் என்று எனக்கு ஒரே வெட்கமாக இருந்தது.