ஜன்னலை அடைத்த உரச்சாக்கு

இதை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. மடுல்சீமைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீட்டுக்கு ஒரே ஜன்னல். எனக்குக் காசநோய் என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொன்னதும், என் மனைவி பாக்கியம் என் தகரக் கோப்பையைத் தனி ஆணியில் மாட்டினாள். பனி என் நெஞ்சுக்கு ஆகாதென்று ஜன்னலை உரச்சாக்கால் அடைத்தாள். அந்த அடைத்த அறையில் நான் இருமுவேன்; அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவுவாள்.

கிளினிக்கிலிருந்து வந்த நர்ஸ் மிஸ் கோப்பையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே போய்ச் சாக்கை இழுத்துக் கீழே போட்டார்.

"ஐயோ மிஸ், அவருக்குக் குளிருமே!"

"கோப்பையால இது ஒட்டாதும்மா, காத்துலதான் பரவுது. நீங்களும் வந்து சளிய டெஸ்ட் பண்ணுங்க."

பாக்கியம் சிரித்தாள். "எனக்கென்ன மிஸ், கல்லு மாதிரி இருக்கேன். இவரும் படுத்துட்டாரு, நானும் வேலைக்குப் போகாட்டி அடுப்பு எரியுமா?"

இலவச மாத்திரையை ஒரு நாளும் தவறாமல் அவளே என் கையில் வைத்தாள். நான் தேறினேன். அப்புறம் ஒரு நாள் கொழுந்துக் கூடையோடு அவள் மலையில் சாய்ந்தாள். ரத்தமாக இருமுவதை எனக்குத் தெரியாமல் மறைத்திருக்கிறாள். அதே மாத்திரையைத்தான் கொடுத்தார்கள். விழுங்க அவளுக்குத் தெம்பில்லை.

இப்போது அவள் இல்லாத மார்கழி; பனி என் தலைமாடு வரைக்கும் வருகிறது. "அண்ணே, ஜன்னல மூடுங்க, விறைச்சுப் போயிருவீங்க" என்கிறார்கள் பக்கத்து வீட்டில். நான் மூடுவதில்லை. எங்கள் இரண்டு கோப்பைகளையும் ஒரே ஆணியில் மாட்டியிருக்கிறேன்.