எரிந்த கொட்டகையில் தயிர்ச் சோறு

எரிந்துபோன தறிக் கொட்டகையின் நடுவில், கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்து, கிருபா வக்கீல் தயிர்ச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே கூரை இல்லை. சிமென்ட் அட்டைகள் வெடித்து விழுந்து தரையெல்லாம் சில்லுச் சில்லாகக் கிடந்தன. பாவு நூல் சுற்றியிருந்த உருளைகளில் இப்போது சாம்பல்தான் சுற்றியிருந்தது. வக்கீலம்மா மோர் மிளகாயை ஒரு கடி கடிப்பதும், எதிர்ச் சுவரைப் பார்ப்பதுமாக இருந்தார்.

வாசலில் நின்றிருந்த கொட்டகைக்காரர் ஆறுச்சாமி, மனைவி பூவாத்தாளின் காதோரம் குனிந்து கேட்டார். "இந்தம்மா கேஸு பாக்க வந்துதா, சோறு திங்க வந்துதா?"

"சும்மா இருங்க. நல்ல வக்கீலுன்னு சொன்னாங்க."

"நல்ல வக்கீலுன்னுதான் சொன்னாங்க. நல்ல பசின்னு சொல்லலையே."

கிருபாவுக்கு அது காதில் விழுந்தது. சிரிப்பு வந்தது. ஆனாலும் சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிட்டால், அதைவிட மோசமாக 'நீ செய்தது மோசடி' என்று பட்டமும் கட்டிவிட்டால், கோயமுத்தூர்ப் பக்கத்தில் பலரும் தேடிப் போவது இவரைத்தான். சொந்த ஊர் மதுக்கரை. அப்பா சுண்ணாம்புக் குவாரியில் கல் உடைத்தவர். மத்தியானமானால், உடைத்த கல்லுக்கு எதிரிலேயே தூக்குச் சட்டியைத் திறந்து உட்கார்ந்துவிடுவாராம். மகளுக்கும் அந்தப் பழக்கம் அப்படியே வந்து சேர்ந்துவிட்டது. கவிழ்ந்த லாரியோ, சரிந்த கோழிப் பண்ணையோ, வெள்ளம் புகுந்த மாவு மில்லோ, நஷ்டம் எங்கே நடந்ததோ அங்கே ஒரு வேளைச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத்தான் வக்காலத்தில் கையெழுத்துப் போடுவார். கண்ணை மூடிச் சின்னதாக ஒரு ஜெபம். அப்புறம் நஷ்டத்தைப் பார்த்தபடி சாப்பாடு.

"கறுப்புக் கோட்டோட போய்க் கேட்டா எல்லாரும் வக்கீலுக்குத் தகுந்த மாதிரிப் பேசறாங்க. சோத்துத் தூக்கோட உக்காந்தா, ஊட்டு ஆளுகிட்டப் பேசற மாதிரிப் பேசறாங்க" என்பார்.

வந்தவர்கள் முதலில் பாலிசிக் காகிதத்தைத்தான் நீட்டுவார்கள். "அது கெடக்குதுங்க" என்று ஓரமாகத் தள்ளிவிடுவார். நடந்ததைச் சொல்லச் சொல்வார். காளிச்சாமி என்று ஒருவர், லாரி களவு போய்விட்டது என்று வந்தார். எந்த இடத்தில் நிறுத்தியிருந்தீர்கள், அங்கே போய்ச் சாப்பிடலாம் வாருங்கள் என்று கிருபா கிளம்பிவிட்டார். காளிச்சாமி ஒரு புளியமரத்தைக் காட்டினார். தூக்கைத் திறப்பதற்குள், இது இல்லை என்று பெட்ரோல் பங்குக்கு அந்தண்டை ஓர் இடத்தைக் காட்டினார். "எனக்குப் பசி போயிருச்சுங்க" என்று கிருபா தூக்கை மூடிக்கொண்டு, காகிதங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான். அதைப் பற்றி வெளியில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இங்கே கருமத்தம்பட்டியில், சாப்பிட்டுக்கொண்டே அவர் பார்த்துக்கொண்டிருந்தது சுவரில் இருந்த ஓர் ஆணியை. கறுத்த சுவரில் கறுத்த ஆணி. அதற்குக் கீழே விளக்கு மாடம்.

வழக்கே அந்த ஆணியில்தான் தொங்கியது. தீயணைப்புக்காரர்கள் மின்கசிவு என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். கம்பெனி அனுப்பிய ஆய்வாளர் ஆணியைப் பார்த்தார். மாடம் இருக்கிறது, ஆணி இருக்கிறது, சாமி படம் எங்கே? சாம்பலில் கண்ணாடித் துண்டுகூட இல்லை. விசாரித்ததில், தீப்பிடிக்கும் முன்பே ஆறுச்சாமி படத்தைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனது தெரிந்தது. 'சாமியை மட்டும் முதலில் பத்திரப்படுத்திவிட்டு, கொட்டகைக்குத் தானே தீ வைத்திருக்கிறார்' என்று எழுதிவிட்டார். ஈடு இல்லை என்று கம்பெனி கடிதம் போட்டது. ஊரில் கதை அதைவிட வேகமாகப் போனது.

பூவாத்தாள் காகிதக் கோப்பையில் காப்பி கொண்டுவந்து வைத்தார். "தறி போனாப் போகட்டும் கண்ணு. தீ வெச்சவன் பொண்டாட்டின்னு சொல்றாங்க. கோயலுக்குப் போயே நாளாச்சு" என்றார்.

"ஏனுங்க, படத்தை எதுக்குங்க எடுத்தீங்க?" என்று கிருபா கேட்டார்.

ஆறுச்சாமி இல்லாத கூரையை அண்ணாந்து பார்த்தார். "கண்ணாடி மாத்தக் குடுத்தேன்னு சொல்லிப்போடலாமுங்களா?"

"மாத்துனீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப வேண்டாமுங்க. அந்த ஒரு பொய்யில மத்த நெசமெல்லாம் எரிஞ்சு போயிரும்."

பூவாத்தாள் வீட்டுக்குப் போன பிறகுதான் மனிதர் வாயைத் திறந்தார். ரொம்ப நாளாகத் தறிக்குப் பாவு வரவில்லை. வந்த அன்றைக்கு மோட்டார் புகைந்தது. சாயங்காலம் விளக்கு வைக்க வந்தவருக்கு என்னவோ ஆகிவிட்டது.

"'நானும் தெனம் வெளக்கு வெக்கறேன், நீயும் தெனம் பாத்துட்டே இருக்கறே. உனக்கு இங்க என்ன வேலை'ன்னு கேட்டுப்போட்டேனுங்க. மாகாளியாத்தாளைப் பாத்து! கழட்டிட்டுப் போய், நெல்லுக் குதிருக்குப் பொறகால சுவத்தைப் பாத்தாப்புல திருப்பி வெச்சுப்போட்டேன். அந்த வாரமே தீப்புடிச்சுருச்சு." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இது ஆத்தா குடுத்த தண்டனைங்க. தண்டனைக்குப் போய் இன்சூரன்ஸ் கேக்கலாமுங்களா, நீங்களே சொல்லுங்க. நாலு பேரு முன்னால இதை எந்த வாயில சொல்றது?"

கிருபா கடைசிப் பிடிச் சோற்றை உருட்டினார். சட்டப் புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

"எங்க வேதத்துல சாமியோட சண்டை போடாத பெரியவங்களே கம்மிங்க" என்றார். "சண்டை போட்டவங்களை ஆண்டவர் தள்ளி வெச்ச மாதிரி நான் படிக்கலை. ஒண்ணு ரோசனை பண்ணிப் பாருங்க. நீங்க கோவிச்சுட்டு எடுத்துட்டுப் போகலைன்னா, இன்னைக்கு உங்க ஆத்தாளும் இந்தச் சாம்பல்லதான கெடந்திருப்பாங்க?"

ஆறுச்சாமி ஆணியை ஒருமுறை பார்த்தார். வக்காலத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

நுகர்வோர் ஆணையத்தில் பெரும்பாலும் எல்லாம் காகிதத்தில்தான் நடக்கும். ஆனால் கம்பெனி வக்கீல் வேங்கடசாமி, ஆறுச்சாமியை நேரில் நிறுத்திக் கேட்க அனுமதி வாங்கிவிட்டார். நெற்றி நிறையத் திருநீறு பூசும் மனிதர், கேள்வியில் மட்டும் ஈரம் இருக்காது. அன்று காலை கிருபா தன் கட்சிக்காரரிடம் சொன்னது ஒன்றுதான்: "சட்டத்துக்குப் பேசாதீங்க. கொட்டகையில எங்கிட்டச் சொன்ன மாதிரிச் சொல்லுங்க."

"தீப்பிடிக்கும் முன்பு சாமி படத்தை எடுத்தது நீங்கள்தானே?" என்று வேங்கடசாமி ஆரம்பித்தார்.

"நாந்தானுங்க."

"எரியப் போகிறது என்று தெரிந்துதானே எடுத்தீர்கள்?"

ஆறுச்சாமி பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். பூவாத்தாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கிருபா தலையை மட்டும் அசைத்தார். ஆறுச்சாமி சொல்லிவிட்டார். விளக்கு வைக்கப் போனது, கேட்ட கேள்வி, குதிர், சுவர் எல்லாவற்றையும், ஒன்று விடாமல். பூவாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வேங்கடசாமி கையிலிருந்த காகிதத்தை ஒருமுறை புரட்டினார். "இப்போது படம் எங்கே?"

"அங்கயேதானுங்க. சுவத்தைப் பாத்துட்டுத்தான் இருக்குது. திருப்பி வெக்க எனக்கு மூஞ்சி இல்லீங்க."

வேங்கடசாமி காகிதங்களை மடித்தார். "வேறு கேள்வி இல்லை" என்று உட்கார்ந்துவிட்டார். வெளியே வரும்போது கிருபாவின் பக்கத்தில் வந்து, "என்னம்மிணி, உங்க ஆளு என்னையக் கும்புட வெச்சிருவாராட்டத் தெரியுது" என்றார்.

"கும்புடுங்க. ஆனா ஆர்டர் வந்தா அப்பீலுக்கு மட்டும் போயிராதீங்க" என்றார் கிருபா.

தீ வைத்ததாகச் சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை, கம்பெனி ஈடு கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அப்பீலும் போகவில்லை. டீக்கடையில் பேச்சு மாறியது. "ஆறுச்சாமி ஆத்தாகூடவே மல்லுக்கு நின்னவனாமா" என்று கொஞ்சம் மரியாதையாகவே சொன்னார்கள். அம்மன் கோயில் பொங்கலுக்குப் பூவாத்தாள் முதல் ஆளாகப் போய் நின்றார்.

ஜெயித்த வழக்கென்றால் கிருபா மறுபடி ஒருமுறை போய், அதே இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார். பெட்டிப் பெட்டியாக இனிப்பு வைத்தாலும் "அது கெடக்குதுங்க" என்று தன் தூக்கைத்தான் திறப்பார். கருமத்தம்பட்டிக் கொட்டகையில் புதுக் கூரை ஏறியிருந்தது. சுவருக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். ஆணியை மட்டும் பிடுங்காமல் விட்டிருந்தார்கள். ஆணிக்கு எதிரில், அதே பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்து ஜெபத்தை முடித்தார். பூவாத்தாள் வீட்டுச் சொம்பில் தண்ணீரும், வெள்ளி டம்ளரில் காப்பியும் கொண்டுவந்து வைத்தார்.

அப்போது ஆறுச்சாமி உள்ளே வந்தார். குளித்து, ஈர வேட்டியோடு. படத்தை நெஞ்சோடு அணைத்திருந்தார். படத்தின் முகம் அவர் நெஞ்சைப் பார்த்து இருந்தது. ஆணிக்கு முன்னால் போய் நின்றவருக்குப் படத்தைத் திருப்பக் கை வரவில்லை. உதடு மட்டும் எதற்கோ அசைந்தது.

எந்த நஷ்டத்திலிருந்தும் முகத்தைத் திருப்பாத கிருபா வக்கீல், பிசைந்த சோற்றோடு தூக்கை எடுத்துக்கொண்டு, பெயின்ட் டப்பாவைச் சத்தம் வராமல் நகர்த்தி, ஆணிக்கு முதுகைக் காட்டி, மறுபக்கச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.