கரையைப் பார்த்த பக்கம்

வாசகரே, நீங்களே சாட்சியாக நின்று கேளுங்கள். பிரெஞ்சுக் கொடி இறங்கிவிட்ட காரைக்காலுக்கு எதிரே, கடலில் நங்கூரமிட்டு நிற்கிறது பினாங்கு செல்லும் எங்கள் கப்பல். நண்பகலில் படகில் வந்து ஏறிய ஓர் அம்மையார், கரை தெரியும் பக்கத்துக் கம்பியைப் பற்றியபடி பதறுகிறார்.

"தம்பி, எம் மவன் ஹமீதைப் பாத்தீங்களா? பதினஞ்சு வயசு. எங்க வேணா சுத்து, பொழுது சாயுற அசர் தொழுகை நேரத்துக்குக் கரையைப் பாத்த பக்கம் வந்து நில்லு, நவுராதேன்னேன். ஆளைக் காணோம். பினாங்குக்கு வரமாட்டேன்னு காலையிலேர்ந்து சண்டை. படகுல திரும்பிட்டானோ?"

கீழே கடைசிப் படகு கயிற்றை அவிழ்க்கிறது. அவர் ஏணியை நோக்கி ஓடுகிறார். மேடைப் பேச்சாளனான நான் ஒரு மரப்பெட்டியின் மீதேறி, பெருங்கூட்டம் நிறைந்த மைதானத்துக்குரிய குரலில், "ஹமீது!" என்று முழங்குகிறேன்.

"இங்கதான் நிக்கிறேன், உம்மா!" என்கிறது மறுபக்கத்திலிருந்து ஓர் எரிச்சல் குரல்.

அவன் வந்து நின்றபோது அதுதான் கரையைப் பார்த்த பக்கம். நீரோட்டத்தில் கப்பல் மெல்லத் திரும்பி, அவனை ஆழ்கடலைப் பார்க்க வைத்துவிட்டது.

"கப்பல் திரும்பினா நீயும் இந்தப் பக்கம் வரவேணாமாடா?"

"நவுராதேன்னது நீங்கதானே!" என்றவன் என்னைப் பார்க்கிறான். "அண்ணே, கப்பல் பூரா சிரிக்குது. இனிமே இப்படிக் கத்தாதீங்க."

கத்துவதா! என் பேச்சுக்கு இப்பெயரை எவரும் இட்டதில்லை. ஆயினும் பெட்டியை விட்டு இறங்கி, தாயும் கேட்க உரைக்கிறேன்: "ஹமீது, பினாங்கு சேரும்வரை உன்னைத் தேட நேர்ந்தால் நடந்து வந்தே தேடுவேன். வாய் திறக்கமாட்டேன்."