பிசாசுக் கூட்டத்தில் ஒரு பெருச்சாளி

பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன் நான். காளவாசல் டீக்கடைக்கு அடிக்கடி வரும் ஓர் ஆராய்ச்சி மாணவி, வழக்கம்போல் ஹெல்மெட்டைக் கழற்றாமல் கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டுக் கேட்டார்: “சார், பிஎச்டி வைவால வெளியாளு கேள்வி கேக்கலாமா?”

“விதிப்படி யாரும் கேக்கலாம்மா. ஆனா எல்லாரும் அங்க குடுக்குற முந்திரி கேக்குக்குத்தான் வருவாங்க.”

டாஸ்மேனியப் பிசாசு என்ற, குட்டியைப் பையில் சுமக்கும் பிராணியின் பரிணாம வம்சாவளியை மரபணு வழியே வரைந்தவர் அவர். வழிகாட்டிப் பேராசிரியர் அதைப் பிடுங்கித் தன் மருமகனுக்குக் கொடுத்துவிட்டார்.

மருமகனின் வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு நானும் போனேன். அந்தப் பிராணிகளுக்குள் மரபணு வேறுபாடு மிகக் குறைவு. திரையில் காட்டிய வம்சாவளிப் படத்தில் எல்லாம் நெருங்கி நிற்க, ஒன்று மட்டும் வெகுதூரம் தள்ளி நின்றது. கடைசி வரிசையிலிருந்து ஹெல்மெட்டோடு எழுந்த மாணவி, “அது என்ன சார்?” என்றார்.

“தொன்மையான தனி வம்சம்,” என்றார் மருமகன். பேராசிரியர் பெருமையாகத் தலையாட்டினார்.

“இல்ல சார். நம்ம கேன்டீன் பெருச்சாளி. திருடுறவங்களுக்காக நான்தான் அதோட மரபணுவைப் பேரை மாத்திச் சேத்து வச்சேன்.”

தேர்வு ஒத்திவைக்கப்பட்டது, கேக் ஒத்திவைக்கப்படவில்லை. மாணவி கேக்கை வாங்காமல், ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

“இவ என் மக மாதிரி” என்று பேராசிரியர் சொல்லித் திரிந்த நாட்களில் தயாரான மரபணுத் தொகுப்பு அது. அப்போதே பெருச்சாளியை உள்ளே விட அந்த மாணவிக்கு எப்படித் தோன்றியது?