பச்சை மேலே இருந்த சிக்னல்

கண்ணுகளா, நீங்கள் பள்ளிக்கூடம் போகும் வழியில் நாலு ரோட்டில் நிற்கிறதே ஒரு சிக்னல், அது அப்பா வேலை பார்க்கும் கம்பெனி செய்த முதல் சிக்னல்.

நான் சேர்ந்தபோது கம்பெனி என்பது ஒரு தகரக் கொட்டகைதான். கிணற்று மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் பெட்டி செய்தோம். எருமப்பட்டிப் பக்கம் எந்த மோட்டார் ரூமிலும் எங்கள் பெட்டி இருக்கும். மோட்டார் ரூம் என்றால் ஒழுகத்தான் செய்யும். அதனால் அனுப்பும் முன் பெட்டியின் மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்ப்போம். உள்ளே ஒரு சொட்டு இறங்கினாலும் முதலாளி அனுப்ப விடமாட்டார்.

அவருக்கு சிக்னல் செய்ய ஆசை வந்தது. எங்கெங்கோ அலைந்து போலீசாரிடம் ஒரே ஒரு சிக்னலுக்கு ஆர்டர் வாங்கினார். அது தேறினால்தான் மற்ற ரோடுகளுக்கும் தருவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

போலீஸ் அதிகாரி பார்க்க வரும் நாள். சிக்னலைத் துடைத்து நிறுத்தியிருந்தோம். ஸ்டார்ட்டர் ஏற்ற வந்த லாரி டிரைவர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏனுங்க, ரோட்டுல தண்ணி எறைக்கப் போறீங்களா? பச்சைய மேல வெச்சிருக்கீங்க!"

தூக்கிவாரிப் போட்டது. ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தான் மேலே, சிவப்பு கீழே. அதே பழக்கத்தில் சிக்னலையும் செய்துவிட்டோம்.

"தலைகீழா நிறுத்திட்டாப் போச்சுங்க" என்றேன் நான்.

"வெளக்குக்கு மேல இருக்கற தொப்பியெல்லாம் கீழ போயிருமே சாமி. மழைத்தண்ணியப் புடிச்சு வெக்கறதுக்கா?" என்ற முதலாளி, திருப்புளியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். நாங்களும் உட்கார்ந்தோம்.

பாதி கழற்றியிருந்தபோது அதிகாரி வந்து நின்றார். டீ கொடுத்து வெளியிலேயே நிறுத்தியிருக்கலாம். முதலாளி அப்படிச் செய்யவில்லை.

"கெணத்து மோட்டாருக்குச் செஞ்சு பழகுன கைங்க. பச்சைய மேல வெச்சுப்போட்டோம். மாத்திட்டு இருக்கறமுங்க."

அதிகாரி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். "மாத்துங்க. வேற என்ன தப்பு இருக்கு?"

"அது தண்ணி ஊத்துனாத்தானுங்க தெரியும்."

மாட்டி முடித்ததும் முதலாளி ஒரு குடம் ஊற்றினார். அதிகாரி குடத்தை வாங்கி, தன் கையாலேயே இன்னொன்று ஊற்றினார். பிறகு சிக்னல் பெட்டியின் கதவைத் திறந்து உள்ளே விரலால் தடவிப் பார்த்தார். விரல் காய்ந்தே இருந்தது.

"நல்லாப் பண்ணியிருக்கீங்க" என்றார்.

இன்று சேலம் வரைக்கும் எங்கள் சிக்னல்கள் நிற்கின்றன. தகரக் கொட்டகை பெரிய கட்டடமாகிவிட்டது. ஆனாலும் குடத்துத் தண்ணீர் படாமல் எந்தச் சிக்னலும் வாசல் தாண்டுவதில்லை. அதை ஊற்றுகிற வேலை உங்கள் அப்பாவுடையது.